வீட்டார் அறிந்த குறை, தந்தை அறியாத குறை

பத்தொன்பதாம் சங்கீதத்தின் பன்னிரண்டாம் வசனம், தன் பிழைகளைத் தானே முழுதாக உணரக்கூடியவர் எவரும் இல்லை என்னும் உணர்வோடு, மறைந்திருக்கும் குற்றங்களிலிருந்து விடுவிக்கும்படி கடவுளிடம் மன்றாடுகிறது. தமிழ்ச் சபைகளில் அடிக்கடி வாசிக்கப்படும் இவ்வசனத்தை, பிறர் கண்ணில் படாமல் ஒருவர் ஒளித்து வைத்திருக்கும் தவறுகளைப் பற்றியதாகவே பலர் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் வசனத்தின் முற்பகுதி உணர்தலைப் பற்றிப் பேசுவதால், பிறருக்குத் தெரிந்திருந்தும் உரியவருக்குத் தெரியாத தவற்றையே அது முதன்மையாகக் குறிக்கிறது என்று கொள்வது பொருத்தம். ஒளித்து வைத்த தவற்றை அறிக்கையிட மனத்துணிவு போதும். தெரியாத தவற்றை அறிக்கையிட வழியே இல்லை. அதை முதலில் யாராவது காட்டித்தர வேண்டும். தந்தை என்னும் நிலையில் இருக்கும் கிறிஸ்தவ ஆண்களுக்கு இந்த இரண்டாம் வகைத் தவறு எவ்வாறு புலப்படக்கூடும் என்பதே இவ்வத்தியாயத்தின் பொருள்.

இங்கே குணக்குறை என்று சொல்லப்படுவது தனிச் செயலன்று. மகளிடம் ஒருமுறை பொய்ச்சாக்குச் சொல்வது குற்றம். தன் மதிப்பில் சிறு கீறல் விழும் போலிருந்தாலே உண்மையை வளைத்துக்கொள்ளும் இயல்பு குணக்குறை. செயல் நினைவில் நிற்கும். இயல்பு மூச்சுவிடுவதைப்போல் பழகிப்போவதால் கவனத்திற்கே வராது. 1955ஆம் ஆண்டில் ஜோசஃப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் வகுத்த 'ஜோஹாரி சாளரம்' என்னும் வரைபடம், ஒருவரைப் பற்றிய செய்திகளை நான்கு கட்டங்களாகப் பிரித்து, பிறர் அறிந்தும் தான் அறியாதவற்றுக்கென ஒரு கட்டத்தை ஒதுக்கியது. தந்தையரைப் பொறுத்தவரை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியவை பெரும்பாலும் அவரவர் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன: மனைவிக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், உடன் தங்கியிருக்கும் மாமியாருக்குத் தெரியும், சில வேளை வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் தெரியும்.

அவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு அச்சம் மட்டுமே காரணமன்று. அப்பாவிடம் எதிர்த்துப் பேசாமை தமிழ்க் குடும்பத்தில் மரியாதையின் ஒரு பகுதி. கிறிஸ்தவக் குடும்பத்தில் அதன்மேல் இன்னோர் அடுக்கும் சேர்ந்துகொள்கிறது. கணவரைத் தலையாகச் சொல்லும் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தின் வாசகம், தந்தையின் பேச்சுக்கு மறுபேச்சில்லை என்று வீடுகளில் சுருங்கிப்போகிறது. அதே நிருபத்தின் ஆறாம் அதிகாரம் நான்காம் வசனம், பிள்ளைகளைக் கோபமூட்டக்கூடாது என்று தந்தையரையே முன்னிலைப்படுத்திக் கட்டளையிடுவது மறந்துபோகிறது. இடித்துரைப்பவர் எவரும் அருகில் இல்லாத ஆட்சியாளரைப் பற்றித் திருக்குறளின் 45ஆம் அதிகாரம் தரும் எச்சரிக்கை, சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை ஆளும் தந்தைக்கும் அப்படியே பொருந்தும். அலுவலகத்தில் அவருக்கு மேலாளர் உண்டு, சபையில் போதகர் உண்டு. வீட்டில் மட்டுமே அவருக்கு மேல் யாரும் இல்லை. ஆகவே அவருடைய இயல்பு தடையின்றி வெளிப்படும் இடமும் வீடே.

இரண்டாமவர் தேவை என்னும் பழைய அறிவு

தன்னைச் சோதித்துப் பார்த்தல் என்பது தமிழுக்கு நேற்று வந்த வழக்கமன்று. தமிழர் அண்டிரிக் அடிகளார் என்று அழைத்த என்றிக்கே என்றிக்கஸ் என்னும் இயேசு சபைத் துறவியின் 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1580இல், கொச்சியில் அவருடைய 'கொம்பெசியொனாயரு' அச்சேறியது. பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை வாய்விட்டு அறிக்கையிடுதல், அதற்கு ஆயத்தமாகும் முறையைக் கற்பிப்பதே அந்நூலின் நோக்கம். தமிழ் எழுத்தில் அச்சு தொடங்கிய மூன்றாண்டுகளுக்குள், மனிதர் தம்மைத் தாமே ஆராய்ந்து பார்ப்பதற்கென்றே ஒரு கைநூல் தேவை என்று ஒருவர் கருதினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்த மரபு சிங்கப்பூரில் இரு கிளைகளாக வந்து சேர்ந்தது. லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஓஃபீர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்டு 1888இல் நிறைவுற்ற லூர்து மாதா ஆலயத்தில், இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்று வழங்கும் பாவசங்கீர்த்தனம் தொடர்ந்தது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்ட்ஹம் 1885இல் சிங்கப்பூருக்கு வந்து தொடங்கிய மெதடிஸ்ட் பணியிலிருந்து, 1887இல் தமிழ்ச் சபையும் உருவாகி, பின்னாளில் ஷார்ட் ஸ்திரீட்டில் நிலைகொண்டது. மெதடிஸ்ட் இயக்கத்தின் தொடக்கர் ஜான் வெஸ்லி 1738ஆம் ஆண்டின் இறுதியில் சிறு குழுக்களுக்கென வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு வாரமும் கூடும் சிலர், கடந்த கூட்டத்திற்குப் பின் தாம் செய்த தவறுகளை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். குழுவில் சேர விரும்புபவரிடம், தன் குறைகளைப் பிறர் ஒளிவுமறைவின்றித் தன் முகத்துக்கு நேரே சொல்வதற்கு இசைவா என்றும் கேட்கப்பட வேண்டும். கத்தோலிக்கருக்கும் மெதடிஸ்டுகளுக்கும் எத்தனையோ வேறுபாடுகள் இருந்தாலும், தன்னைத் தான் காண இன்னொருவர் தேவை என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபட்டிருந்தனர்.

ஆயினும் இரு வழக்கங்களும் இன்று பெரும்பாலும் செயல்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. கோபப்பட்டதாக இருபது ஆண்டுகளாக அறிக்கையிட்டுவரும் ஒரு தந்தை, அந்தக் கோபத்தால் தன் வீட்டில் யாரும் இயல்பாகப் பேசுவதில்லை என்பதை ஒருமுறைகூட உணராமல் இருக்கக்கூடும். திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிய வேண்டும் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதைச் சபைகள் ஒழுங்காக வாசிக்கின்றன. ஆனால் அந்தச் சோதனைக்குக் கிடைக்கும் நேரம் பல இடங்களில் ஒரு பாடல் இசைக்கப்படும் நேரமே.

குறை தங்கும் இடம்

தந்தையின் குணக்குறை அவருடைய தீமைகளுக்குள் ஒளிவதில்லை, நன்மைகளுக்குள்தான் ஒளிகிறது. தீமையென்று தெரிவதை மனிதர் சந்தேகிப்பர், நன்மையென்று தெரிவதைச் சந்தேகிக்கமாட்டார். ஆகவே தேட வேண்டிய இடம், எந்தக் குணத்துக்காக அவர் பாராட்டப்படுகிறாரோ அந்தக் குணத்தின் அடிப்பக்கம். சிங்கப்பூர்த் தமிழ்த் தந்தையருள் பெரும்பாலோரின் தலைசிறந்த நன்மை உழைப்பு. வீட்டுக் கடன், துணைப்பாட வகுப்புக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகிய அனைத்தையும் தாங்கும் அந்த உழைப்பு உண்மையானது, மதிப்புக்குரியது. ஆனால் "உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறேன்" என்னும் சொல் வாரத்தில் இரண்டு முறை வாயில் வரத் தொடங்கும்போது, உழைப்பு கொடையாக இருப்பதை விட்டுக் கடனாகிவிடுகிறது. கொடுப்பவர் தன்னைத் தியாகியாகக் காண்கிறார். பெறுபவர்களோ தங்களைக் கடனாளிகளாக உணர்கிறார்கள். கேள்வி கேட்க முடியாத இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும் பெருமை அந்தத் தியாகத்தின் அடியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

இதைக் கண்டறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. வீவக வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே இன்னோர் இரும்புக் கதவும் உண்டு; அதன் பூட்டில் சாவி நுழையும் ஓசை வீடு முழுவதும் கேட்கும். தந்தை மாலையில் வீடு திரும்பும்போது, அந்த ஓசைக்கும் அவர் காலணியைக் கழற்றி உள்ளே வருவதற்கும் இடைப்பட்ட அரை நிமிடத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி அணைகிறதா, சிரிப்பு பாதியில் நிற்கிறதா, ஓர் அறைக்கதவு மெல்லச் சாத்தப்படுகிறதா, அல்லது யாராவது கூடத்துக்கு வருகிறார்களா? ஐந்து நாள் தொடர்ந்து இதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும் தந்தைக்கு, ஐந்து ஆண்டுப் பிரசங்கங்களில் கிடைக்காத செய்தி கிடைக்கக்கூடும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அப்பாவின் செருமலையும் காலடியோசையையும் கொண்டே அன்றைய வானிலையைக் கணித்து வந்திருக்கிறார்கள். அந்தக் கணிப்பை அப்பா ஒருநாள் தானும் கேட்டறிய முயல்வதே இப்பயிற்சி.

இரண்டாவது மறைவிடம் குடும்ப ஜெபம். இரவு உணவுக்குப் பின் எல்லோரும் பாயில் அமர்ந்து, ஒரு பாட்டும் ஒரு வேதபகுதியும் முடிந்தபின், தந்தை சத்தமாக ஜெபிக்கிறார்: மகனுக்குக் கீழ்ப்படிதலைத் தரும்படியும், கைப்பேசியின் அடிமைத்தனத்திலிருந்து அவனை விடுவிக்கும்படியும், படிப்பில் அவனுக்கு இல்லாத கருத்தைக் கொடுக்கும்படியும் மகன் காதுபட மன்றாடுகிறார். சொற்கள் கடவுளை நோக்கியவை, ஆனால் கண்டிப்பு மகனை நோக்கியது. பதில் சொல்ல முடியாத ஓரிடத்தில் வைத்து அவன் கண்டிக்கப்படுகிறான். நேருக்கு நேர் பேசத் தயங்கும் கோழைத்தனமும், தன் கோபத்துக்குக் கடவுளின் முத்திரையைப் பெறும் ஆசையும் இங்கே ஜெபத்தின் வடிவில் இருக்கின்றன. இது கடுமையான சொல் என்றாலும் சொல்லியே ஆக வேண்டியது, ஏனெனில் பிற்காலத்தில் சபையை விட்டு விலகும் பிள்ளைகள் மனத்தில் ஜெபம் என்றாலே வசைதான் நினைவுக்கு வரும்படி செய்துவிடும் வழக்கம் இது. ஜெபம் முடிந்ததும் மகன் சொல்லும் 'ஆமென்' எந்தக் குரலில் வருகிறது என்று கேட்டாலே போதும்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மாணவர்களை நுணுக்கமாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதைக் குறைக்கும் நோக்கில் 2021இல் மதிப்பெண் முறை மாற்றப்பட்டு, மொத்தப் புள்ளிகள் 4 முதல் 32 வரை என்றும், குறைந்த எண்ணே சிறந்தது என்றும் ஆனது. ஆனால் ஞாயிறு ஆராதனைக்குப் பின் தேநீர் மேசையைச் சுற்றி ஒப்பீடு நிற்கவில்லை. அங்கே மகளின் புள்ளியைச் சொல்லும்போது தந்தையின் குரல் தணிந்துபோனால், அவள் அதைக் கேட்டிருப்பாள் என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

ஏலி கேட்டதும் கேட்காததும்

வேதாகமத்தில் தந்தைமையின் குருட்டிடத்தை மிக நுட்பமாகக் காட்டும் பகுதி முதலாம் சாமுவேலின் தொடக்க அதிகாரங்கள். சீலோவில் ஆசாரியராக இருந்த ஏலி, பிள்ளை வரம் வேண்டி உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்த அன்னாளைக் கண்டு, குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொள்கிறார். முன்பின் அறியாத ஒரு பெண்ணின் உதட்டசைவில் குற்றம் கண்டவருக்கு, பலிப்பொருளை வலுக்கட்டாயமாகப் பறித்தும் பெண்களிடம் முறைகேடாக நடந்தும் வந்த தம் மக்கள் ஓப்னி, பினெகாஸ் ஆகியோரைப் பற்றிய செய்தி ஊரார் வாயிலாகத்தான் வந்து சேர்கிறது. அவர் அவர்களைக் கண்டிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார், ஆனால் பேச்சோடு நின்றுவிடுகிறார். பேசிவிட்டதையே செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது இன்றைய தந்தையரிடமும் பரவலாகக் காணப்படும் குறை.

மூன்றாம் அதிகாரத்தில், ஏலியின் குறையை அவருக்குச் சொல்லும் பொறுப்பு வளர்ப்புப் பிள்ளையைப் போன்ற சிறுவன் சாமுவேலிடம் வருகிறது. சிறுவன் சொல்ல அஞ்சுகிறான். அப்போது ஏலி செய்தது தந்தையர் அனைவரும் கற்க வேண்டிய ஒன்று: எதையும் மறைக்காமல் சொல்லும்படி அவரே சிறுவனைக் கேட்டுக்கொள்கிறார், சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்கிறார், சொன்னவன்மேல் சினம் கொள்ளவில்லை. ஆனால் அதன் பின் அவர் செய்யத் தவறியதும் அதே அளவு முக்கியம். கர்த்தர் தமக்கு நலமானதைச் செய்யட்டும் என்று பணிந்து ஏற்றுக்கொண்டவர், மக்களைப் பணியிலிருந்து விலக்கியதாகவோ வேறெதையும் மாற்றியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. குறையை ஒப்புக்கொள்ளும் பணிவே ஒரு திருப்தியைத் தந்து, மாற்றத்தின் தேவையை மழுங்கடித்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆராதனையில் கண்ணீரோடு முழங்காலிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே குரலில் பிள்ளையை எழுப்பும் தந்தை, ஏலியின் பாதையில்தான் நடக்கிறார்.

குறை தந்தை வழியாக வருவதும் உண்டு. ஏசாவையே அதிகம் நேசித்த ஈசாக்கின் ஓரவஞ்சனையால் காயப்பட்ட யாக்கோபு, தான் தந்தையானபோது யோசேப்புக்கு மட்டும் தனி அங்கி செய்து கொடுத்தார். அடிபட்ட இடத்தையே கொண்டு அடிப்பது மனித இயல்பு என்பதால், தன் தந்தையிடம் தனக்குப் பிடிக்காத மூன்று பழக்கங்களை எழுதிப் பார்ப்பதும், அவற்றுள் எது தன்னிடம் வேறு வடிவில் இருக்கிறது என்று மனைவியிடம் கேட்பதும் பயன் தரும்.

கேட்கும் முறை

முதற்படி, ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வது. லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்', 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற நூல், 'தனி ஆய்வு' என்றொரு முறையைச் சொல்கிறது: காலையில் அந்த ஒரு குறையைக் குறித்து உறுதி எடுத்துக்கொண்டு, நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை அதில் விழுந்தோம் என்பதைக் கோட்டின்மேல் புள்ளிகளாக இட்டு, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடுவது. கத்தோலிக்கர் அல்லாதவரும் இதைத் தயக்கமின்றிக் கைக்கொள்ளலாம். பெருவிரைவு ரயிலில் வீடு திரும்பும் இருபது நிமிடமே இதற்குப் போதும். பல குறைகளை ஒருசேரத் திருத்த முற்படுபவர் இரண்டாம் வாரத்தில் நோட்டுப் புத்தகத்தையே மறந்துவிடுவார்.

இரண்டாவது, மனைவியிடம் கேட்பது. "என்னிடம் என்ன குறை?" என்ற கேள்வி பயனற்றது, அதற்கு "ஒன்றுமில்லை" என்ற பதிலோ, இருபது ஆண்டுக் கணக்கோதான் வரும். மாறாக, "இந்த வாரத்தில் நான் பேசியதில் எது உனக்கு வலித்தது?" என்று காலத்தையும் இடத்தையும் குறுக்கிக் கேட்க வேண்டும். பதில் வந்தபின் ஒரு வாரம் அதைப் பற்றி விளக்கமோ மறுப்போ சொல்லக்கூடாது. விளக்கம் உண்மையாகவே இருந்தாலும், அது அடுத்த முறை கிடைக்க வேண்டிய பதிலைக் கொன்றுவிடும்.

பிள்ளைகளிடம் கேட்பதில் இன்னும் கவனம் வேண்டும். மற்றவர் முன்னிலையிலோ, குடும்ப ஜெபத்திலோ, தண்டித்த அன்றோ கேட்கக்கூடாது. தேக்கா உணவங்காடி நிலையத்தில் தோசை வாங்கிக்கொண்டு தந்தையும் பிள்ளையும் மட்டும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் ஞாயிறு மதியம் பொருத்தமான நேரம். இரைச்சல் நிறைந்த இடத்தில் மௌனம் பிள்ளையை நெருக்குவதில்லை. பதில் வராவிட்டால் வற்புறுத்தக்கூடாது. தேசிய சேவையில் இருக்கும் மகன் வாரயிறுதியில் வீடு வரும்போது, அதிகாரம் என்பது என்ன, கொடுங்கோன்மை என்பது என்ன என்று முகாமில் நேரில் கண்டவனாக வருகிறான்; அந்த ஈராண்டுகளில் அவன் சொல்லும் சொல்லுக்குத் தந்தை தனி மதிப்புத் தர வேண்டும்.

மூன்றாவது, மன்னிப்புக் கேட்பது. பல தமிழ்த் தந்தையர் இதைச் செய்யாமல், சண்டைக்கு மறுநாள் மீ கோரெங் பொட்டலத்தோடு வருவார்கள். அதில் அன்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எது தவறு என்று பெயரிடாத சமாதானத்தில், தவறு தன்னுடையதுதானோ என்னும் ஐயம் பிள்ளையிடமே தங்கிவிடுகிறது. "நேற்று உன் தங்கை முன்னால் உன்னை முட்டாள் என்று சொன்னேன். அது தவறு. மன்னித்துவிடு" என்னும் மூன்று சிறு வாக்கியங்கள் போதும். நான்காவதாக "ஆனால் நீயும்" என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் முதல் மூன்றும் அழிந்துவிடும். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளையிடம் 'சாரி' என்று மட்டும் சொல்வதைவிட, அப்பா தன் சொந்த மொழியில் முழு வாக்கியமாகச் சொல்வது எடை மிக்கது.

இங்கே ஓர் எல்லையைத் தெளிவாக வரைய வேண்டும். மனைவியையோ பிள்ளையையோ அடிப்பதும் மிரட்டி அடக்குவதும் மறைவான குறைகள் அல்ல. அவை நோட்டுப் புத்தகத்தில் புள்ளியிட்டுத் திருத்தத்தக்கவையும் அல்ல. அத்தகைய நிலையில் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தையோ, வன்முறைக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-777-0000ஐயோ உடனே நாட வேண்டும். பொறுத்துக்கொண்டு ஜெபிக்கும்படி வீட்டாரிடம் மட்டும் சொல்லும் அறிவுரையைச் சபையார் தவிர்க்க வேண்டும்.

தனியே முயன்று சோர்பவர்கள் மூன்று நான்கு தந்தையராகச் சேர்ந்து கூடுவது நல்லது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'சென்டர் ஃபார் ஃபாதரிங்' போன்ற அமைப்புகள் தந்தையருக்கெனப் பயிலரங்குகள் நடத்துகின்றன. அரசு ஊதியம் ஈடுசெய்யும் தந்தையர் விடுப்பும் 2013இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரமாக உயர்ந்திருக்கிறது. நேரம் கூடியிருப்பது நன்று. ஆனால் அந்த நேரத்தில் வீட்டார் தந்தையை இன்னும் கிட்டத்தில் காண்பார்கள் என்பதும் உண்மை.

கடைசியாக, இந்தப் பயிற்சிகள் எதுவும் நேரடியாகப் பொருந்தாத ஒரு பெருந்தொகைத் தந்தையர் உள்ளனர். வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரிபவர்கள் குடும்பத்தை அழைத்துவர அனுமதியில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் கூடும் தமிழ்த் தொழிலாளர்களுள் தந்தையராக இருப்பவர்கள், பிள்ளைகளைக் கைப்பேசித் திரையில்தான் வளர்க்கிறார்கள். அவர்களுள் கிறிஸ்தவர்கள் அருகிலுள்ள தமிழ் ஆராதனைக்குச் சென்றுவிட்டு, பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நின்றபின் ஊருக்கு அழைக்கிறார்கள். அப்போது முதலில் வரும் கேள்வி, பணம் வந்துசேர்ந்ததா என்பது. இரண்டாவது, படிக்கிறாயா என்பது. இவர்களின் மறைவான குறை, பணத்தின் வழியாகவே தந்தையாக இருக்கப் பழகிவிட்டது. அதற்கு அவர்களைக் குறைசொல்வது நியாயமன்று என்றாலும், ஊரில் பிள்ளைக்கு நேரும் விளைவு அதனால் மாறிவிடாது. இவர்கள் செய்யத்தக்கது, பணத்தைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் மனைவியிடம் வேறொரு நாள் பேசிவிட்டு, ஞாயிறு அழைப்பைப் பிள்ளைக்கு மட்டும் ஒதுக்குவது. முதல் இரண்டு வாரமும் மகன் "ம்" என்பதற்குமேல் பேசமாட்டான். திரையில் அவன் நெற்றி மட்டும் தெரியும். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ அறுந்துபோன செருப்பைப் பற்றி அவன் தானாகவே சொல்லத் தொடங்கும்போது, புதுச்செருப்புக்குப் பணம் அனுப்புகிறேன் என்று உடனே சொல்லிவிடாமல், அது எங்கே எப்படி அறுந்தது என்று தந்தை கேட்க வேண்டும்.